எதிர்ச்சாரி

ஸ்டூல் ஆடுகிறது. ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் திரையைக் கழற்றுகிறேன், சுருள் கம்பியின் கொக்கி ஆணியை விட்டு வரமாட்டேன் என்கிறது. இழுத்துப் பிடுங்கலாம். பிடுங்கினால் பூச்சு பெயரும், பெயர்ந்த இடத்தில் சிமெண்டு புதுசாகத் தெரியும், வருகிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும். இந்த வீட்டில் எந்தச் சுவர்தான் பழசு. நேற்றே கழற்றியிருக்க வேண்டும். நேற்று இது எனக்குத் திரையாகத்தான் தெரிந்தது. காலையில் வி.ஏ.ஓ. ஃபோன் செய்து, பொண்ணுக்கு இருப்பிடச் சான்றிதழ் கேட்டு மனு போட்டது நீங்கதானேம்மா, இன்னைக்கு விசாரணைக்கு வரேன், வீட்டிலேயே இருங்க என்று சொல்லி வைத்த பிறகுதான் புடவையாகத் தெரிய ஆரம்பித்தது. ஊதாவும் மஞ்சளும் கட்டம் போட்ட பொங்கல் புடவை. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் பொங்கலுக்குக் கொடுத்தது. அந்த வருடம் எதிர்ச்சாரியில் பாதிப் பெண்கள் இதையே கட்டிக்கொண்டு வாசல் தெளித்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்தில், புதுச்சேரிப் பக்கத்தில், இந்தப் புடவை கிடையாது. புதுச்சேரிக்காரி வீட்டு ஜன்னலுக்கு இது எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டால். கேட்கமாட்டார். ஜன்னல் திரையைப் பார்த்து மாநிலம் சொல்கிற ஆள் எந்த ஆபீஸில் இருக்கிறான். ஆனால் கேட்டால். "எதுக்கும்மா அதைக் கழட்டற?" சுபிக்ஷா சமையலறை நிலையில் நிற்கிறாள், கையில் உரித்த பூண்டு. தோய்க்க என்கிறேன். "நேத்துதானே தோய்ச்ச." ஆமாம், நேற்றுதான் தோய்த்தேன். அவள் என்னைப் பார்க்கிறாள், திரையைப் பார்க்கிறாள், உள்ளே போகிறாள். கொக்கி திடீரென்று வந்துவிடுகிறது. ஆணி சுவரிலேயே இருக்கிறது. புடவையை மடித்துத் தையல் மெஷின் பெட்டிக்குள் வைக்கிறேன், மேலே பள்ளிக்கூடச் சீருடைத் துணியைப் போட்டு மூடுகிறேன். இப்போது ஜன்னல் மொட்டையாக இருக்கிறது. ஜன்னலுக்கு நேரே ரஞ்சிதக்கா வீடு.

தெரு முழுக்க வெயில். நடுவில் தாரில் ஒரு கோடு ஓடுகிறது. யாரும் போட்ட கோடு இல்லை, இந்தப் பக்கத்து ரோடும் அந்தப் பக்கத்து ரோடும் ஒட்டுகிற இடம். புதுச்சேரிக்காரர்கள் வந்து தங்கள் பாதிக்குத் தார் போட்டுவிட்டுப் போவார்கள், தமிழ்நாட்டுக்காரர்கள் அவர்களுக்குத் தோன்றுகிறபோது வந்து தங்கள் பாதிக்குப் போடுவார்கள், இரண்டும் ஒரே உயரத்தில் இருந்ததே கிடையாது. சைக்கிள் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் எல்லாரும் அந்த மேட்டில்தான் விழுவார்கள், சுபிக்ஷாவும் விழுந்திருக்கிறாள், முழங்காலில் தழும்பு இருக்கிறது. கரண்ட் போனால் ஒரு சாரிதான் இருட்டும். அந்தப் பக்கம் போனால் நாங்கள் சிரிப்போம், இந்தப் பக்கம் போனால் அவர்கள் சிரிப்பார்கள். பிறகு யார் வீட்டில் எரிகிறதோ அந்த வீட்டில் உட்கார்ந்து எல்லாரும் டி.வி. பார்ப்போம். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் மாமியார் காட்டினார், அதோ அந்த முருங்கை மரம் வேற மாநிலம் என்று. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த நோய் வந்த வருடம் மட்டும்தான் அது விளையாட்டு இல்லை என்று தெரிந்தது. தெரு நடுவில் சவுக்குக் கட்டைகளை நட்டுத் தகரம் அடித்தார்கள், இந்தப் பக்கம் இரண்டு போலீஸ், அந்தப் பக்கம் இரண்டு போலீஸ். நாலு பேரும் ஒரே கேனில் டீ வாங்கித் தகரத்துக்கு மேலே கை மாற்றிக் குடித்தார்கள். ரஞ்சிதக்கா முருங்கைக்காயைக் கட்டாகக் கட்டி எங்கள் வாசலுக்கு எறிவாள், ஒரு தரம் போலீஸ்காரர் தொப்பியில் விழுந்தது. "ஃபாரின் சரக்குய்யா, டூட்டி கட்டிட்டு எடுத்துக்க" என்றாள். தகரத்தைப் பிடுங்கிய பிறகு எல்லாருக்கும் அது மறந்துவிட்டது. எனக்கும்தான் மறந்துவிட்டது. மறக்காமல் இருந்திருந்தால் அடுத்த வருடமே அந்தப் பக்கம் போய்க் குடியிருப்பேனா.

போனோம். அரசாங்கம் தவணையாகப் பணம் கொடுக்கிற கல்வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தது. பழைய ஓட்டு வீட்டை இடித்தால்தான் முதல் தவணை என்றார்கள், இடிப்பதென்று முடிவு செய்தோம். கட்டி முடிகிற வரைக்கும் இருக்க வீடு வேண்டும், இவருக்குப் பாட்டில் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, தூரமாகப் போக முடியாது, கட்டுகிற இடத்தில் கம்பியும் சிமெண்டும் கிடக்கும்போது கண் பார்வையிலும் இருக்க வேண்டும். ரஞ்சிதக்கா தன் வீட்டு முன்பக்க அறை இரண்டையும் ஒழித்துக் கொடுத்தாள். வண்டிகூட வைக்கவில்லை. தையல் மெஷினை நானும் இவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினோம், சுபிக்ஷா மீன் தொட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு தண்ணீர் தளும்பத் தளும்ப வந்தாள். அங்கே பால் காய்ச்சும்போது இங்கே அடுப்பில் வைத்திருந்த சோறு குழைந்துவிட்டது என்று ஓடி வந்து இறக்கினேன். இரண்டு வீட்டு அடுப்பும் ஒரே காலையில் எரிந்தது. அதற்கு ஊர் மாறுவது என்று பெயரா. ஆறு மாதம் என்றார்கள், தவணை தள்ளித் தள்ளி இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் வேறு மாநிலத்தில் தூங்கி எழுந்திருக்கிறேன் என்று நினைத்ததில்லை. யாரும் நினைக்கவில்லை. இவர் நினைக்கவில்லை. தபால்காரர்கூட நினைக்கவில்லை, எங்கள் பழைய கதவிலக்கத்துக்கு வருகிற கடிதத்தைத் தெரு நடுவில் நின்று பார்த்துவிட்டு எதிர்ச்சாரியில் கொண்டுவந்து கொடுப்பார். பொங்கலுக்கு ரஞ்சிதக்கா தனக்குக் கிடைத்த புடவையை என்னிடம் நீட்டினாள். உனக்கு வேணாமாக்கா என்றேன். "எனக்குப் போன வருஷத்துதே புதுசா கெடக்குது. கட்டிக்கடி. இங்கதான இருக்கற, நீயும் எங்க ஊர்க்காரிதான்" என்றாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். மெல்லிசுத் துணி, இரண்டு தரம் தோய்த்ததும் நூல் பிரிந்தது, திரும்பி வந்த பிறகு குறுக்கே வெட்டி ஓரம் அடித்துத் திரையாக்கினேன். நன்றாகத்தான் இருந்தது. வெயில் வரும்போது அறை முழுக்க ஊதாவாக ஆகும்.

அம்மா நாம அந்த ரெண்டு வருஷம் எந்த மாநிலம், என்று சுபிக்ஷா கேட்டது போன வாரம். கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள். கால்நடை மருத்துவத்துக்கு அவள் மார்க்கு போதும், இங்கே உள்ள அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்துவிடும், ஆனால் புதுச்சேரி இருப்பிடச் சான்றிதழ் வேண்டும், அதற்கு ஐந்து வருடம் தொடர்ந்து புதுச்சேரிக்குள் குடியிருந்திருக்க வேண்டும். தொடர்ந்து என்றால் தொடர்ந்து. விட்டுப்போயிருந்தால் வெளிமாநிலம். வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கு இடமும் சொற்பம், ஃபீஸும் வேறு. அந்த ஃபீஸை அவள் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். நான் சைபர்களை விரல் வைத்து எண்ணினேன், இவர் எண்ணவில்லை, தாளைத் திருப்பி வைத்துவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். இந்த வீட்டை விற்றால் முதல் இரண்டு வருடம் படிக்கலாம். விற்றுவிட்டு எங்கே இருப்பது, மறுபடி எதிர்ச்சாரியிலா. சரி, அந்த இரண்டு வருடம் தமிழ்நாடு என்றால் தமிழ்நாட்டிலாவது கேட்கலாமா என்றால் அங்கேயும் கிடையாது, அவள் படித்ததெல்லாம் புதுச்சேரிப் பள்ளிக்கூடம், அங்கே போனாலும் வெளிமாநிலம்தான். தெருவுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, தார் ஒட்டுகிற அந்தக் கோட்டின் மேல் நிற்கிறாள் என் பெண். மனுவில் தொடர்ந்து வசித்து வருகிறோம் என்று எழுதியது நான் சொல்லித்தான். அவள் பேனா மூடியைத் திறந்து மூடினாள். "சொல்லிடலாமாம்மா? எதிர் வீடுதானே, புரிஞ்சுக்கமாட்டாங்களா?" எழுதுடி என்றேன். இவர் மட்டும், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, கேக்காததைச் சொல்லாதே, நீ பதட்டத்தில் உளறுவ என்றார். உளறுவேன். 

மாட்டு டாக்டர் ஆகவேண்டும் என்பது எங்கே வந்தது. அதுவும் அங்கேதான் வந்தது. ரஞ்சிதக்கா வீட்டுப் பின்பக்கம் ஆட்டுக் கொட்டகை, எங்கள் அறைக்கும் அதற்கும் ஒரு தட்டிதான். மழைக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம், தலைச்சன் ஈற்று, ஆடு படுத்துக் கத்துகிறது, குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நிற்கிறது. ரஞ்சிதக்காவுக்கு விரல் தடிமன், கை போகவில்லை. ஃபோன் போட்டால் டாக்டர் எடுக்கவில்லை. "ஏ சுபி, உன் கை சின்னதா இருக்குது, வாடி, எண்ணெயைத் தடவிக்க" என்றாள். பத்தாவது படிக்கிற பெண். நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நிற்கிறேன், அவள் உட்கார்ந்துவிட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே தேடுகிறாள், ரஞ்சிதக்கா அவள் காதருகில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், இன்னொரு காலு மடங்கி இருக்கும் பாரு, இழுக்காத, வளைச்சுக் கொண்டா, வந்துதா, வந்துதா. வந்தது. வழவழவென்று அந்த உயிர் கோணி மேல் விழுந்து தும்மியது. சுபிக்ஷா கையைக் கழுவாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு அம்மை போட்டபோதும் ரஞ்சிதக்காதான், எனக்குத் தீபாவளித் தையல் குவிந்து கிடந்தது, வேப்பிலையால் வருடிக்கொண்டு பக்கத்திலேயே படுத்துக் கிடந்தாள். இதெல்லாம் இப்போது ஏன் நினைப்பு வருகிறது. அந்த வீட்டை நினைக்கக்கூடாது என்றுதானே திரையைக் கழற்றினேன். கழற்றியதால்தான் நேராகத் தெரிகிறது. அதோ அவள் வாசலில் ஆடு கட்டியிருக்கிறது, அதோ அந்தக் குட்டிதான், இப்போது அதுவே ஈன்றுவிட்டது. அதோ ரஞ்சிதக்கா பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். தண்ணீர் வருகிற நேரம்.

குழாய் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில். எங்கள் பக்கத்துத் தண்ணீர் தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்கும், அந்தப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகாது. அதனால் எதிர்ச்சாரிக்காரர்கள் குடிக்கவும் சமைக்கவும் இங்கேதான் பிடிப்பார்கள், நான் அங்கே இருந்த இரண்டு வருடமும் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து இங்கேதான் பிடித்தேன். அப்போது எனக்கு இது எந்த ஊர்த் தண்ணீராக இருந்தது. இந்தக் கோடையில் தண்ணீர் நூல் மாதிரி வந்தது. எங்கள் சாரிப் பெண்கள் எல்லாரும் முணுமுணுத்தார்கள், முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. நீதான் அவங்களோட பழகினவ, நீ சொன்னா கோவிச்சுக்கமாட்டாங்க என்று பக்கத்து வீட்டு கமலவேணி என்னைத் தள்ளிவிட்டாள். பழகினவள் என்பதால்தானே சொல்லக்கூடாது. எனக்கு அது அப்போது தோன்றவில்லை. வெயில், தைக்க வேண்டிய சீருடை, காலிக் குடம். ரஞ்சிதக்கா குடத்தைக் குழாயடியில் வைக்கும்போது சொன்னேன். "எங்க ஊருத் தண்ணி, எங்களுக்கே பத்தலக்கா. உங்க ஊருல கேட்டு வாங்கக்கூடாதா." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சிரித்தேனா. சிரித்ததாகத்தான் ஞாபகம். அவள் என்னைப் பார்த்தாள். "உங்க ஊரா" என்றாள். அவ்வளவுதான். காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் வந்தாள், வரிசையில் கடைசியாகக் குடத்தை வைத்தாள், எல்லாரும் பிடித்து முடித்த பிறகு சொட்டுகிறதைப் பிடித்துக்கொண்டு போனாள். அன்றையிலிருந்து கடைசிதான். என்னோடு பேச்சு இல்லை. கோவமாக இருந்தால் சண்டை போடுவாளே, தெருவே கேட்கிற மாதிரி திட்டுவாளே, ஆட்டைத் திட்டுகிற சாக்கில் என்னைத் திட்டுவாளே. எதுவும் இல்லை. அவள் வாயில் இப்போது என் பெண் இருக்கிறாள். விசாரணை என்றால் அக்கம்பக்கம் கேட்பார்கள். கமலவேணி சொல்லமாட்டாள், அவளுக்கு என்னிடம் ஜாக்கெட் தைக்க வேண்டும். ரஞ்சிதக்காவிடம் கேட்டால். அவள் பொய் சொல்லவே வேண்டாம், இருக்கிறதைச் சொன்னால் போதும். என் வீட்டிலதான் ரெண்டு வருஷம் இருந்தாங்க, சுபிக்கு அம்மை போட்டப்பகூட நான்தான் பார்த்தேன். பாசமாகச் சொன்னாலும் போச்சு, பழிக்குச் சொன்னாலும் போச்சு. போய்ச் சொல்லியிருக்கலாம், அக்கா தெரியாம சொல்லிட்டேன் என்று. இரண்டு முறை செருப்பு மாட்டினேன். கோடு வரைக்கும் போகவில்லை. இப்போது போனால் காரியத்துக்கு வந்தவள் ஆகிவிடுவேன். காரியத்துக்குத்தானே.

மோட்டார் சைக்கிள் சத்தம். இல்லை, கடந்து போகிறது. இல்லை, திரும்புகிறது, எதிர்ச்சாரியில் ரஞ்சிதக்காவின் முருங்கை நிழலில் நிறுத்துகிறார், ஹெல்மெட்டைக் கழற்றுகிறார், சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், முப்பதுகூட இருக்காது. ஏன் அங்கே நிறுத்துகிறார். நிழலுக்கு. நிழலுக்குத்தான். ரஞ்சிதக்கா குடத்தோடு அவரைத் தாண்டி வருகிறாள், அவர் ஏதோ கேட்கிறார், அவள் கையை நீட்டி என் வீட்டைக் காட்டுகிறாள். வீட்டை மட்டும் காட்டினாள். இவ்வளவு கொஞ்ச நேரத்தில் வேறு எதுவும் சொல்லியிருக்க முடியாது. "குணவதிங்கறது?" நான்தான் சார், வாங்க சார். உட்காருகிறார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொள்கிறார். "வண்டியை தமிழ்நாட்டுல விட்டுட்டு புதுச்சேரிக்கு நடந்து வரேன். இந்தத் தெருவில வேலை பார்க்கறதுக்கே ரெண்டு சர்க்கார்லயும் பயணப்படி கேக்கணும்மா." சிரிக்கிறார், நானும் சிரிக்கிறேன், என் சிரிப்பு சத்தமாக வந்துவிட்டது. சுபிக்ஷா மோர் கொண்டுவந்து வைக்கிறாள். "நீதானா பொண்ணு? மாட்டு டாக்டரா? எங்க அம்மா ரெண்டு கறவை வெச்சிருக்காங்க, முடிச்சதும் சொல்லு." அவள் தலையாட்டுகிறாள், போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே போடி, என்று கண்ணால் சொல்கிறேன். போகவில்லை. ஆதார், கரண்ட் பில், அவளுடைய பள்ளிக்கூடச் சான்று, எல்லாவற்றிலும் இந்தக் கதவிலக்கம்தான். ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். விலாசத்தை மாற்றவே தோன்றாமல் போனது எவ்வளவு நல்லதாகப் போயிற்று. "வீட்டுக்காரர்?" ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கார் சார். "சொந்த வீடு?" ஆமா சார், மாமனார் காலத்து வீடு. மாமனார் காலத்து என்று ஏன் சொன்னேன். அவர் தலை நிமிர்கிறது. சுவரைப் பார்க்கிறார், மேலே கான்கிரீட்டைப் பார்க்கிறார், தரையின் டைல்ஸைப் பார்க்கிறார்.

"வீடு புதுசா இருக்கே." கல்வீட்டுத் திட்டத்துல கட்டினது சார். "எப்ப முடிஞ்சுது?" ரெண்டு வருஷம் ஆவுது சார். "கட்டும்போது எங்க இருந்தீங்க?" இதுதான். இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து, இல்லை, போன வாரத்திலிருந்து, தூக்கத்தில்கூடப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பதில், கூடப் பிறந்த அக்கா வீட்டில், பின்பக்கம் கொட்டகை போட்டுக்கொண்டு, கமலவேணி வீட்டு மாடியில். கமலவேணியிடம் அப்படிச் சொல்லும்படி கேட்டுக்கூட வைத்திருந்தேன்.  நிலைப்படியில் சுபிக்ஷா நிற்கிறாள், அவள் வாயைத் திறக்கிற மாதிரி இருக்கிறது, எதிரே ஜன்னலில் அந்த வீட்டின் முன்பக்க அறைகள் இரண்டும் அப்படியே தெரிகின்றன, நான் அடித்துக் கொடுத்த நீலத் திரை இன்னும் அங்கே தொங்குகிறது, அவள் அதைக் கழற்றவில்லை. "இந்தத் தெருவிலதான் சார்" என்கிறேன். என் குரல் எனக்கே கேட்கிறது. "இதே தெருவா?" இதே தெருதான் சார், கட்டுற இடத்தைப் பார்த்துக்கணுமில்ல. அவர் பேனா நிற்கிறது. எந்தச் சாரி என்று கேட்கப்போகிறார். எந்த வீடு என்று கேட்கப்போகிறார். கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடுவேன், வேறு எதுவும் செய்ய என்னால் முடியாது. அவர் மோரை எடுத்துக் குடிக்கிறார். கடைசி வரைக்கும் குடிக்கிறார், தம்ளரில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையை விரலால் தள்ளுகிறார். "சரி" என்கிறார். "இதே தெரு." எழுதுகிறார். "வெளியில ஒருத்தர் ரெண்டு பேரைக் கேட்டுட்டுப் போயிடறேன். அது சும்மா ஒரு முறைக்காக." போய்விட்டார். சுபிக்ஷா தம்ளரை எடுக்க வருகிறாள். "அம்மா." ஒண்ணும் பேசாதே என்கிறேன்.

குழாயடியில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன, தண்ணீர் இன்னும் வரவில்லை, பெண்கள் சுவர் நிழலில் ஒட்டி நிற்கிறார்கள். என் குடம்தான் முதலில், விடிந்ததும் வைத்துவிட்டேன். கடைசியில் பச்சைக் குடம், விளிம்பு உடைந்து சூட்டுக்கோலால் உருக்கி ஒட்டிய வடு இங்கிருந்தே தெரிகிறது. அவர் கமலவேணியிடம் பேசுகிறார். கமலவேணி கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், போதும்டி, இவ்வளவு பேசாதே, அதிகம் பேசினால் சந்தேகம் வரும். அவர் நகர்கிறார். போய்விடுவார், வண்டிக்குப் போகிறார். வண்டி அந்தப் பக்கம். அந்தப் பக்கம் போகிற வழியில் ரஞ்சிதக்கா நிற்கிறாள், வரிசையிலிருந்து தள்ளி, வழக்கம் போல. நிற்கிறார். கேட்கிறார். ஜன்னல் கம்பி கையில் சுடுகிறது, வெயில் பட்ட கம்பி, கையை எடுக்கத் தோன்றவில்லை. திரை இருந்திருந்தால் திரைக்குப் பின்னால் நின்றிருக்கலாம். இப்போது அவள் இந்தப் பக்கம் திரும்பினால் நான் தெரிவேன். திரும்பட்டும். திரும்பி என் முகத்தைப் பார்த்தாவது. அக்கா, எனக்காக வேண்டாம், நான் சொன்னதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் செய், அவள் கையில் எண்ணெய் தடவிவிட்டது நீதானே, வந்துதா வந்துதா என்று கேட்டது நீதானே. அவள் வாய் அசைகிறது. இவ்வளவு நேரம் என்ன சொல்கிறாள். இரண்டு வருடத்தையும் சொல்கிறாளா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொல்கிறாள். அவர் என் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார். பார்த்துவிட்டார். முடிந்தது. வீட்டை விற்கிறோம். இல்லை, விற்கவில்லை, அவள் ஏதாவது மூன்று வருடப் படிப்பு படிக்கட்டும், கணக்கு படிக்கட்டும், பக்கத்திலேயே காலேஜ் இருக்கிறது, எல்லாரும் படிக்கவில்லையா, படித்துவிட்டுப் பாட்டில் கம்பெனியில் பில் போடவில்லையா. அவர் மறுபடி இந்தப் பக்கம் வருகிறார். கோட்டைத் தாண்டும்போது அந்த மேட்டில் ஷூ தடுக்குகிறது.

வாசலுக்கு ஓடுகிறேன். "ரிப்போர்ட் போட்டுடறேன்மா. திங்கக்கிழமை தாலுக்கா ஆபீஸ்ல வந்து வாங்கிக்கங்க" என்கிறார், ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே. ஹெல்மெட்டை என் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அதற்காக வந்திருக்கிறார், சுபிக்ஷா எடுத்து வந்து கொடுத்திருக்கிறாள், நான் கவனிக்கவே இல்லை. "சார், அவங்க என்ன..." கேட்டதுக்கு மேல் பேசாதே என்று இவர் சொல்லியிருந்தார், கேட்டுவிட்டேன். "யாரு, அந்த எதிர்வீட்டம்மாவா? வயசானவங்களாச்சே, தெரிஞ்சிருக்கும்னு கேட்டேன். நல்லா கேட்டேன் போங்க." அவருக்குச் சிரிப்பு வருகிறது. "அவங்க யாரு என்னான்னு எனக்குத் தெரியாதுப்பா, அது வேற ஊரு, நாங்க தமிழ்நாடு, தண்ணிக்கு மட்டும் வருவோம், தண்ணி பிடிச்சா போயிடுவோம், அப்படிங்கறாங்க. தெருவுக்கு எதிர்ல இருந்துக்கிட்டு. பேரு கூடத் தெரியாதாம். இப்படியும் இருக்காங்க பாருங்க. பரவாயில்ல, பக்கத்து வீட்டம்மா சொன்னது போதும்." சுபிக்ஷாவிடம், "மாடு வளக்கறவங்க கையைப் பிடிச்சுக் கும்பிடுவாங்க, நல்லா படி" என்கிறார். போகிறார். முருங்கை நிழலிலிருந்து வண்டி கிளம்புகிறது. சுபிக்ஷா என் தோளைப் பிடித்துக் குலுக்குகிறாள், அம்மா, அம்மா, திங்கக்கிழமைம்மா, அப்பாவுக்கு ஃபோன் போடவா. போடு என்கிறேன். உள்ளே ஓடுகிறாள். பேரு கூடத் தெரியாதாம். குணா என்றுதான் கூப்பிடுவாள், அந்த வீட்டின் பின்பக்கத்திலிருந்து, ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டே, ஏ குணா, ஒலை கொதிக்குது பாரு. பேரு கூடத் தெரியாதாம். பிழைத்தேன். பிழைத்துவிட்டேனே. எல்லாம் சரியாகத்தானே முடிந்தது. நான் சொன்னது ஒரு வரி, அவள் சொன்னதும் ஒரு வரி. வெயிலில் தெரு நீளமாகக் கிடக்கிறது, நடுவில் அந்தக் கோடு, இந்தப் பாதி கருப்பு, அந்தப் பாதி வெளிறிப்போயிருக்கிறது.

குழாயில் காற்று இரைகிறது. தண்ணி வந்துடுச்சு என்று யாரோ சொல்கிறார்கள், எல்லாரும் நிழலிலிருந்து வருகிறார்கள், கமலவேணி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு வலப்பக்கத்து வீட்டுக்காரியோடு நாளைக்கு நடக்கிற காதுகுத்துக்கு எந்த பஸ்ஸில் போவது என்று பேச ஆரம்பிக்கிறாள், இங்கே ஏறினால் உட்கார இடம் இருக்காது, எதிரே தமிழ்நாட்டு பஸ்ஸில் போனால் சுற்றிக்கொண்டு போகும், ஆனால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அது அவங்க ஊர்ப் பெண்களுக்கு மட்டும்தானே, இல்லை இல்லை, அவங்க பஸ்ஸுன்னாலும் எல்லாப் பெண்களுக்கும்தான். ரஞ்சிதக்கா தன் வாசலில் முதுகைக் காட்டிக் குனிந்து ஆட்டுக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருக்கிறாள். நான் குழாயடிக்கு வருகிறேன். முதலில் துருத்தண்ணீர் வந்து தரையில் ஓடுகிறது, பிறகு தெளிகிறது. என் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் வைக்கிறேன். பச்சைக் குடத்தைக் கொண்டுவந்து, உள்ளே ஒரு கை தண்ணீர் விட்டு அலசி ஊற்றிவிட்டு, குழாய்க்கு அடியில் வைக்கிறேன்.